சாப்பாடு மாறவில்லை, மாத்திரை தவறவில்லை. கொலஸ்ட்ரால் ஏன் ஏறியது?

கேள்வி: எனக்கு வயது 49. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். திருமணமானதிலிருந்து மும்பை செம்பூரில் இருக்கிறோம். என் அப்பா 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். அண்ணனுக்கு 41 வயதில் ஸ்டென்ட் வைத்தபோது எனக்கும் ரத்தம் பார்த்தார்கள். அப்போது எனக்கு 37. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 248 இருந்தது. பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் என்று சொல்லி ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒருநாளும் தவறவிட்டதில்லை. எல்டிஎல் 138ஐ ஒட்டியே இருந்து வந்தது. இப்போது எட்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. போன மாதம் பார்த்தால் 158. எண்ணெய், தேங்காயைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்கிறார் கணவர். விரல் மூட்டும் முழங்காலும் காலையில் வலிக்கின்றன. அந்த மாத்திரைதான் காரணம், நிறுத்து என்கிறார் அத்தை. ஹார்மோன் மாத்திரை எடுத்தால் உடல் கொதிப்பும் கொலஸ்ட்ராலும் சேர்ந்து அடங்கும் என்கிறார் தோழி. யார் சொல்வதைக் கேட்பது? குர்லா ஸ்டேஷன் பாலம் ஏறும்போது கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது, அது இந்த வயதுக்கு உரியதுதானே? 23 வயது மகளை அண்ணன் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறோம். இந்தக் கவலையில் கல்யாண வேலை எதுவும் ஓடவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இரண்டு செய்திகளை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவைதான் முதலில் கண்ணில் பட்டன. ஒன்று குர்லா பாலம். இன்னொன்று மகளின் திருமணம். பாலத்தை இப்போதே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது காத்திருக்கக் கூடாதது.

முன்பு ஏறிய அதே படிகளில் இப்போது மூச்சு வாங்குகிறது என்று 49 வயதுப் பெண் சொன்னால், நம் வீடுகளில் ‘அந்த நேரம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வியர்வையா, படபடப்பா, அசதியா, எல்லாவற்றையும் மாதவிடாய் நிற்பதன் கணக்கில் எழுதிவிடுவது எளிது. பிறவியிலிருந்தே எல்டிஎல் உயர்ந்திருக்கும் ஒருவருக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் அப்பா 46ல் போனார், அண்ணனுக்கு 41ல் அடைப்பு. இந்தப் பின்னணியில் உழைக்கும்போது மட்டும் வருகிற மூச்சிரைப்பை, இல்லை என்று நிரூபிக்கும்வரை, இதய ரத்தக்குழாயின் அடைப்பாகத்தான் நான் நினைப்பேன். பெண்களுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் வலியாகவே வர வேண்டும் என்பதில்லை. தாடையில், கழுத்தில், மேல்முதுகில் ஓர் அழுத்தமாக வரலாம், குமட்டலாக வரலாம், காரணம் தெரியாத களைப்பாகவும் வரலாம்.

எனவே இந்த வாரமே ஓர் இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். படுத்த நிலையில் எடுக்கும் ஈசிஜி சரியாக இருப்பதால் இதயம் சரியாக இருக்கிறது என்று பொருளில்லை. அதைக் காட்டி யாராவது உங்களை வீட்டுக்கு அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் எக்கோ வேண்டும். டிரெட்மில் சோதனை பெண்களிடம் ஆண்களைவிட அதிகமாகத் தவறான விடை தரும். அதனால் இதயக் குழாய்களின் சிடி ஆஞ்சியோகிராம் தேவையா என்று நீங்களே கேளுங்கள். கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்கும் முன்பு மாதக்கணக்கில் அதிக ரத்தப்போக்கு இருந்திருந்தால், ரத்தசோகையே மூச்சு வாங்க வைத்திருக்கலாம். அப்படியானால் நல்லது. ஆனால் அதை ஊகமாக விடாமல் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சில் பாரமோ மூச்சுத் திணறலோ வந்து சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108க்கு அழைத்துவிடுங்கள். கணவர் அலுவலகத்திலிருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி 138க்கும் 158க்கும் வருவோம். வீட்டில் உங்கள்மேல் விழுந்த பழியை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன். இந்த ஏற்றத்தை உண்டாக்கியது நீங்கள் அல்ல.

எல்டிஎல் துகள்களை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுப்பது கல்லீரலின் வேலை. அதற்காகக் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1970களில் இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்தார்கள். உங்களுக்கு இருக்கும் இதே பரம்பரைக் குறையைப் படிக்கப் போய்த்தான் கண்டுபிடித்தார்கள். 1985ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பியை உருவாக்கும் மரபணு ஒன்றை அம்மாவிடமிருந்தும் ஒன்றை அப்பாவிடமிருந்தும் பெறுகிறோம். உங்களுக்கு அப்பாவிடமிருந்து வந்தது பழுதானது. ஆகவே பிறந்த நாளிலிருந்து பாதி ஏற்பிகளோடுதான் வாழ்ந்து வருகிறீர்கள். ஒரு பேட்டைக்கு இருக்க வேண்டிய குப்பை வண்டிகளில் பாதிதான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் செய்து வந்த உதவி, அந்தப் பாதி வண்டிகளைக் கூடுதல் நடை அடிக்க வைத்தது. அது நல்ல ஏற்பிகள் அதிகமாக உருவாகத் தூண்டும். மாதவிடாய் நிற்கும்போது அந்தத் தூண்டுதல் போய்விடுகிறது. வாயில் போட்டது ஒரு கிராம்கூட மாறாமலே ரத்தத்தில் எல்டிஎல் தேங்கத் தொடங்கும்.

இது பரம்பரைக் கோளாறு இல்லாத பெண்களுக்கும் நடக்கிறது. 1990களில் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்வான் என்ற ஆய்வு, நடுவயதுப் பெண்களை ஆண்டுதோறும் ரத்தம் எடுத்துத் தொடர்ந்து பார்த்தது. வயது கூடக்கூட மெதுவாக ஏறும் என்று எதிர்பார்த்த எல்டிஎல், கடைசி மாதவிடாய்க்கு ஓராண்டு முன்னும் பின்னுமான குறுகிய காலத்தில் ஒரே தாவலாக ஏறியது. பொதுவாக இந்த ஏற்றம் 10 முதல் 15 விழுக்காடு. உங்களுடைய 138லிருந்து 158 என்பது ஏறக்குறைய 14 விழுக்காடு. பாடப்புத்தகத்தில் போடலாம் போலிருக்கிறது. வழக்கமான பெண் ஒருவருக்கு 100 இருந்தது 114 ஆகும். உங்களுக்கோ தொடக்கமே மேலே இருப்பதால் அதே விழுக்காடு பெரிய எண்ணாகிறது. இந்தப் பருவத்தில் ரத்தத்தின் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடும் ஏறலாம், இடுப்பில் விழுந்த சதை வயிற்றுக்கு நகரலாம். இரண்டையும் கவனிக்க வேண்டும். ஆனால் உங்கள் பிரச்சினையின் மையம் எல்டிஎல்தான்.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். இதே வயதில் பெண்களுக்குத் தைராய்டு சுரப்பி மந்தமாவதும் மிகச் சாதாரணம். அதுவும் எல்டிஎல்லை ஏற்றும். அதனால்தான் தைராய்டும் பாருங்கள் என்றேன், அதற்கான சோதனையின் பெயர் டிஎஸ்எச். சுரப்பி மந்தமாக இருந்தால் அதற்குரிய மாத்திரையிலேயே கொஞ்சம் இறங்கிவிடும்.

இப்போது நான் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி. ஏறிய 20 புள்ளிகளைவிட, அதற்கு முன் 12 ஆண்டுகள் நிம்மதியாக இருந்த அந்த 138தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. 248லிருந்து 138 என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு எட்ட வேண்டிய இலக்கு 70க்குக் கீழ். இதயக் குழாயில் அடைப்பு இருப்பது தெரியவந்தால் 55க்குக் கீழ். இந்திய லிப்பிட் சங்கம் மிக உயர்ந்த ஆபத்தில் இருப்பவர்களுக்கு 50க்குக் கீழ் என்றே சொல்கிறது. சோதனைக்கூடத் தாளில் எல்டிஎல்லுக்கு எதிரே அச்சிட்டிருக்கும் ‘இயல்பு அளவு’ பொதுமக்களுக்கானது. அது உங்களுக்குப் பொருந்தாது. வயது, ரத்த அழுத்தம், புகை என்று போட்டு அடுத்த பத்தாண்டு ஆபத்தைச் சொல்லும் கணக்குப்பொறிகளும் பொருந்தாது. நடுவயதில் கொலஸ்ட்ரால் ஏறியவர்களை வைத்து உருவாக்கிய கணக்குகள் அவை. உங்கள் குழாய்களோ தொட்டில் காலத்திலிருந்தே இந்தச் சுமையில் ஊறியவை. 37 வயது வரை மருந்தே இல்லை. அந்த ஆண்டுகளைத் திரும்பப் பெற முடியாது. அதற்குப் பிறகான ஆண்டுகளிலும் அரைகுறை மருந்துதான் கிடைத்திருக்கிறது.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 56 நாடுகளிலிருந்து 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பரம்பரைக் கொலஸ்ட்ரால்காரர்களின் விவரங்களைத் திரட்டி 2021ல் வெளியிட்டார்கள். பலருக்கும் நோயைக் கண்டுபிடித்ததே நாற்பதைத் தாண்டிய பிறகு. 70க்குக் கீழ் வந்தவர்கள் மிகச் சிலர். பெண்களில் அந்தச் சிலரும் குறைவு. காரணத்தை நான் நோயாளிகளிடம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பிள்ளைப்பேறு, தாய்ப்பால் என்று ஸ்டாடின் (உங்கள் ரோசுவாஸ்டாடின் சேர்ந்த மருந்து வகை) இல்லாத ஆண்டுகள் ஒரு பக்கம். ‘மாதவிடாய் இருக்கிறவரை பெண்ணுக்கு மாரடைப்பு வராது’ என்ற பழைய நம்பிக்கை இன்னொரு பக்கம். அது மருத்துவர்களிடமும் இருக்கிறது. மருந்தில்லாத பரம்பரைக் கொலஸ்ட்ராலில் ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் பத்தில் மூவருக்கு 60 வயதுக்குள்ளும் இதய அடைப்பு வெளிப்பட்டுவிடும் என்பது பல காலமாகத் தெரிந்த கணக்கு. பெண்ணுக்குச் சில ஆண்டுகள் தாமதமாகிறது, அவ்வளவுதான். அந்தத் தாமதத்தைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தள்ளிப்போட்டுவிடுகிறோம். பிறகு ஈஸ்ட்ரோஜனும் விலகுகிறது.

என்ன செய்வது? எண்ணெய், தேங்காய் பற்றிச் சொன்ன மருத்துவரின் அறிவுரை தவறில்லை. ஆனால் உங்கள் நோய்க்கு அது போதாது. மிக ஒழுங்கான உணவால் எல்டிஎல் 10 முதல் 15 விழுக்காடு இறங்கினால் பெரிது. தேங்காய் எண்ணெய், பாமாயில், நெய், வெண்ணெய் குறையட்டும். வெளியில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த வடாபாவ், சமோசா வேண்டாம். பயறு, கொண்டைக்கடலை, காய்கறி கூடட்டும். இரவில் ஒரு கரண்டி இசப்கோல் எல்டிஎல்லைச் சிறிது குறைக்கும். சட்னிக்கு அரைக்கும் தேங்காயை நினைத்துக் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டாம். பூண்டுப் பால், வெந்தயத் தண்ணீர் என்று யாராவது சொன்னால் குடியுங்கள், ஆனால் மாத்திரைக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள்.

இந்த நிலையில் மருந்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். மருந்தில்லாமல் இன்று உங்கள் எல்டிஎல்லை அளந்தால் 280ஐத் தொடும் என்று கணக்கிடுகிறேன். ஸ்டாடின் அளவை இரட்டிப்பாக்கினால் விளைவும் இரட்டிப்பாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் சுமார் 6 விழுக்காடுதான் கூடுதலாக இறங்கும். ரோசுவாஸ்டாடின் 20 ஆனால் 158 ஏறக்குறைய 140 ஆகும். ஆசியர்களின் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு அதிகமாக நிற்பதால் 40க்கு நான் எளிதில் போவதில்லை. அதைவிட நல்ல வழி, கூடவே எசெடிமைப் 10 மில்லிகிராம் சேர்ப்பது. குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதை அது தடுக்கிறது. இருப்பதில் மேலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும். விலை குறைவு, பக்கவிளைவு அரிது, இரண்டும் ஒரே மாத்திரையாகவும் கிடைக்கின்றன. இந்தச் சேர்க்கையில் 110 பக்கம் வருவீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். அதற்காக வெறும் வயிற்றில் போக வேண்டும் என்பதில்லை. டிரைகிளிசரைடு மிக உயர்ந்தவர்களுக்குத்தான் அது தேவை.

110ம் இலக்கு அல்ல என்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்றாவது மருந்து தேவைப்படும் என்று இப்போதே மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். பெம்பிடோயிக் அமிலம் என்ற மாத்திரை இன்னும் கொஞ்சம் இறக்கும். ஊசி மருந்துகள் பாதியளவோ அதற்கு மேலோ இறக்கும்: எவோலோகுமாப், அலிரோகுமாப் ஆகியவற்றை இரண்டு வாரத்துக்கொரு முறை போடுவது வழக்கம், இன்கிளிசிரானில் முதல் ஊசிக்குப் பின் மூன்றாம் மாதம் இரண்டாவது, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்று. இவை விலை கூடியவை. எல்லாராலும் வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். சிடி ஆஞ்சியோகிராமில் என்ன தெரிகிறது என்பதை வைத்து இதை முடிவெடுங்கள். குழாயில் படிவு இருந்தால் நகையை விற்காவிட்டாலும் ஒரு செலவைத் தள்ளிவைத்தாவது ஊசிக்குப் போகும்படி நான் வற்புறுத்துவேன். படிவே இல்லை, குழாய்ச் சுவரில் படிந்த கால்சியத்தைச் சொல்லும் எண் சுழியம் என்று வந்தாலும் மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.

இன்னொரு சோதனை உண்டு, வாழ்நாளில் பெரும்பாலும் ஒருமுறை போதும்: எல்டிஎல்லைப் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன் ஏ. இதுவும் பரம்பரை. நம் மக்களிடம் அதிகம் காணப்படுகிறது. வழக்கமான கொலஸ்ட்ரால் சோதனையில் இது வராது. தனியாகக் கேட்க வேண்டும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உங்கள் ஆபத்து இன்னொரு படி கூடுகிறது என்று பொருள். மாதவிடாய் நின்றபின் இது சிறிது ஏறுவதும் உண்டு.

அத்தை சொல்லும் மூட்டு வலிக்கு வருகிறேன். அவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டாடினால் வரும் வலி மூட்டில் வருவதில்லை, தசையில் வரும். இரு தொடைகள், இரு தோள்கள் என்று பெரிய தசைகளில், மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் தொடங்கும். நீங்கள் 12 ஆண்டுகளாக அதே மாத்திரையை அதே அளவில் எடுத்துவிட்டு, மாதவிடாய் நின்ற இந்த எட்டு மாதத்தில் விரல் மூட்டும் முழங்காலும் காலையில் பிடித்துக்கொள்கின்றன என்கிறீர்கள். இது ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வரும் மூட்டு வலியோடுதான் பொருந்துகிறது. லண்டனில் நடந்து 2020ல் வெளியான சாம்சன் ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டாடின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியவர்களுக்கு, எது எந்த மாதம் என்று சொல்லாமல், சில மாதங்கள் ஸ்டாடினும் சில மாதங்கள் வெற்று மாத்திரையும் கலந்து கொடுத்தார்கள். ஸ்டாடின் எடுத்தபோது பட்ட தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரை எடுத்தபோதும் இருந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. வலி உண்மை, காரணம்தான் வேறு. சந்தேகம் தீர சிபிகே (தசைக்கான சோதனை), வைட்டமின் டி, எஸ்ஜிபிடி (கல்லீரலுக்கான சோதனை), சர்க்கரை நான்கையும் ஒருமுறை பாருங்கள். மூட்டு வீங்கியோ சிவந்தோ இருந்தால் மூட்டுவாதச் சோதனையும் தேவைப்படும். அளவு கூட்டியபின் தொடைகளில் புதிதாக வலி வந்தால் எனக்குச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள் என்று என் நோயாளிகளிடம் கேட்டுக்கொள்வேன். நீங்களும் உங்கள் மருத்துவரிடம் அப்படியே செய்யுங்கள். வேறு ஸ்டாடினுக்கு மாறலாம், அளவைக் குறைத்து எசெடிமைப்பைச் சேர்க்கலாம், வழிகள் உண்டு.

தோழி சொன்ன ஹார்மோன் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்தானது. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் எல்டிஎல்லைக் குறைக்கும், லிப்போபுரோட்டீன் ஏயையும் குறைக்கும். அந்த எண்களைப் பார்த்து, இதயத்தையும் காக்கும் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. 1998ல் வெளியான ஹெர்ஸ் ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் இருந்த பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்தபோது எல்டிஎல் 11 விழுக்காடு இறங்கியது. மாரடைப்பு குறையவில்லை, முதல் ஆண்டில் கூடவே செய்தது. 2002ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் கூடின. ஆகவே கொலஸ்ட்ராலுக்காக ஹார்மோன் எடுக்கக் கூடாது. எல்டிஎல்லை ஸ்டாடின் வழியாக இறக்கும்போது கிடைக்கும் பாதுகாப்பு இதில் கிடைப்பதில்லை.

உடல் கொதிப்பு வேறு கேள்வி. இரவில் வியர்த்து எழுந்து தூக்கம் கெட்டு, மறுநாள் வேலை செய்ய முடியாமல் போகும் பெண்களைப் ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. அறுபதுக்கு உட்பட்ட, மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாத, இதயநோய் இல்லாத பெண்ணுக்குக் குறைந்த அளவில், தோல்மேல் தடவும் ஜெல்லாகவோ ஒட்டும் பட்டையாகவோ ஹார்மோன் கொடுக்க இடமுண்டு; வாய்வழி மாத்திரையைப் போல அது டிரைகிளிசரைடை ஏற்றுவதில்லை, ரத்தக்கட்டு அபாயமும் குறைவு. கருப்பை இருப்பவர்களுக்குப் புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். ஆனால் உங்களுக்கு அந்தக் கதவு இதயச் சோதனைகள் முடிந்தபிறகுதான் திறக்கும். குழாயில் அடைப்பு என்று வந்தால் ஹார்மோன் இல்லாத மாற்று மருந்துகளைப் பெண்நல மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக்கடையில் தோழியின் சீட்டைக் காட்டி வாங்குவது மட்டும் கூடவே கூடாது.

கடைசியாக, நீங்கள் கவலை என்றே எழுதாத கவலை. மகளை அண்ணன் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு இந்தக் குறை இருக்கிறது, அண்ணனுக்கும் இருக்கிறது. உங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போயிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அண்ணன் பிள்ளைகளுக்கும் அப்படியே. மகளுக்கும் மருமகனாக வரப்போகிறவருக்கும் இருவருக்குமே அது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இரண்டு பழுதான மரபணுக்களோடும் பிறப்பதற்கு இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு நல்ல ஏற்பிகளே அநேகமாக இராது. எல்டிஎல் 400, 500க்கு மேல் போகும். முழங்கை, முழங்கால், குதிகாலில் மஞ்சள் கொழுப்புக் கட்டிகள் பள்ளி வயதிலேயே தெரியும். இருபது வயதாகும் முன்பே மாரடைப்பு வரலாம். ஸ்டாடின் ஏற்பிகளை நம்பி வேலை செய்வதால் இந்தக் குழந்தைகளுக்கு அது அதிகம் பயன்படுவதில்லை. ரத்தத்தை இயந்திரத்தில் செலுத்திக் கொழுப்பை வடித்தெடுக்க வேண்டியிருக்கும், கல்லீரல் மாற்று வரைக்கும் போக வேண்டியிருக்கும். உலகில் ஏறக்குறைய மூன்று லட்சத்தில் ஒருவருக்குத்தான் இது வரும். அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டும் நம் குடும்பங்களில், அதுவும் ஏற்கெனவே நோய் தெரிந்த குடும்பத்தில், அந்த அரிய வாய்ப்பு அரிதாக இருப்பதில்லை.

திருமணத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. இருவரும் ரத்தம் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறேன், நிச்சயதார்த்தத்துக்கு முன். முதலில் சாதாரண கொலஸ்ட்ரால் சோதனை போதும். இந்த வயதில் மருந்தில்லாமல் எல்டிஎல் 190க்கு மேல் இருந்தால், இந்தக் குடும்பத்தில் விடை ஏறக்குறைய உறுதி. எண் இடைப்பட்டதாக வந்து குழப்பினால் மரபணுச் சோதனை தெளிவாக்கும்; உங்களுக்கோ அண்ணனுக்கோ முதலில் செய்து எந்த இடத்தில் பழுது என்று கண்டுகொண்டால் பிள்ளைகளிடம் அந்த ஒன்றைத் தேடினால் போதும். இருவரில் ஒருவருக்கு மட்டும் இருந்தாலோ இருவருக்கும் இல்லாவிட்டாலோ நான் சொன்ன அந்தப் பயம் நீங்கிவிடுகிறது. இருவருக்கும் இருந்தால் மரபணு ஆலோசகரைப் பார்த்து, கருவிலேயே கண்டறியும் வழிகளையும் தெரிந்துகொண்டு, அவர்களே முடிவெடுக்கட்டும். வயது வந்த பிள்ளைகள். உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு.

‘பெண்ணுக்கு நோய் என்று பேச்சு வந்துவிடும்’ என்று வீட்டில் யாராவது வாயை அடைக்கக்கூடும். இங்கே மறைப்பது யாரிடமிருந்து? அண்ணன் நெஞ்சில் இருக்கும் ஸ்டென்டும் உங்கள் கையில் இருக்கும் அறிக்கையும் ஒரே அப்பாவிடமிருந்து வந்தவை. அண்ணனிடம் நீங்களே பேசுங்கள். அவரும் இதைப் பற்றி நினைத்து வாய்திறக்காமல் இருக்கலாம்.

மகளுக்கு இருப்பது தெரிந்தால் மருந்தை இப்போதே தொடங்குவது நல்லது. 23 வயதில் தொடங்கினால், பிள்ளைப்பேற்றுக்காக மருத்துவர் சொல்லி நிறுத்தும் ஆண்டுகளுக்கு முன்பே சில நல்ல ஆண்டுகள் கையில் இருக்கும். மாதவிடாய் நிற்கும் வயதை அவள் உங்களைவிட மிகச் சுத்தமான குழாய்களோடு எட்டுவாள். கருத்தரிக்கத் திட்டமிடும்போது எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அண்ணனின் மற்ற பிள்ளைகளையும் அதே நாளில் கூட்டிப்போங்கள். இந்த நோயில் எட்டு, பத்து வயதிலேயே பரிசோதிக்கலாம், மருந்தும் தொடங்கலாம். எல்லாருடைய அறிக்கைகளையும் ஒரே கோப்பில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் ஆஞ்சியோகிராம் அறிக்கையும் அந்தக் கோப்பில் இருக்கட்டும்.